ஃபேபர் மலைப் பாதையை வெட்டியவர்கள்



சென்ற தவணையில் எங்கள் பள்ளியின் தொடக்கநிலை ஐந்து மாணவர்களைக் கற்றல் பயணமாக ஃபேபர் மலைக்கு அழைத்துச் சென்றோம். ஏறுவதற்குப் பேருந்து. இறங்குவதற்கு மராங் நடைபாதை. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தின் அருகே போய் முடியும் அந்தப் பாதை ஏறத்தாழ 800 மீட்டர் நீளம் கொண்டது. அந்தத் தொலைவுக்குள் சுமார் 70 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். இருபுறமும் மரங்கள் அடர்ந்திருப்பதால், கப்பல்துறையும் கடைத்தொகுதியும் கூப்பிடு தூரத்தில் இருப்பதே மாணவர்களுக்கு மறந்துவிடுகிறது.

பேருந்து மலையில் வளைந்து வளைந்து ஏறியபோதே ஒரு மாணவன் கேட்டான்: "ஏன் ஐயா இவ்வளவு சுத்திப் போகுது? நேரா மேல போட்டிருந்தா சீக்கிரம் போயிடலாமே?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போய், நான் ஒரு பெற்றோரின் மனவருத்தத்தையும் தேடிக்கொண்டேன். இரண்டையும் இங்கே எழுதிவைக்க எண்ணுகிறேன். உள்ளூர் வரலாற்றைத் தமிழ் வகுப்பில் பேச நினைக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் மாணவனின் கேள்வி. இதைக் கணக்குப் பாடமாகவே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஃபேபர் மலையின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். (இதை மலை என்பதா, குன்று என்பதா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டையிடலாம்.) பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அடியிலிருந்து உச்சிக்கு 1,000 மீட்டர் பாதை வேண்டும். சுமை வண்டி இழுக்கும் மாட்டுக்கு அதுவும் கடினம். பதினைந்துக்கு ஒன்று என்றால் 1,500 மீட்டர். சரிவோ சில நூறு மீட்டரில் முடிந்துவிடுகிறது. மிச்ச நீளத்தை எங்கே வைப்பது? சரிவின் குறுக்கே இடப்பக்கம் கொஞ்சம், பிறகு திருப்பி வலப்பக்கம் கொஞ்சம் என்று மடித்துத்தான் வைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு பிறப்பது இப்படித்தான்.

ஆனால் ஏற்றத்தைக் குறைப்பது பாதிக் காரணமே. மீதிப் பாதி மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மரம் அடர்ந்த சரிவில் பெய்யும் மழையை இலையும் வேரும் சருகும் தாங்கி, மெல்ல மண்ணுக்குள் விடுகின்றன. அதே சரிவில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஒரு பாதையை வெட்டினால், வெட்டியவர் பாதை போட்டிருக்க மாட்டார், வாய்க்கால் தோண்டியிருப்பார். முதல் பெருமழையில் மண் கரையும், அடுத்த மழையில் கல் பெயரும், சில ஆண்டுகளில் அங்கே ஆளுயரப் பள்ளம்தான் மிஞ்சும். ஃபேபர் மலைத்தொடர் மணற்பாறையும் களிப்பாறையும் கலந்தது. மேலே மட்கிக் கிடக்கும் மண் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும்.

ஆகவே பாதை சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். மேற்பக்க மண்ணை வெட்டி, அதையே கீழ்ப்பக்கம் கொட்டி இறுக்க வேண்டும். மலைப்பக்கம் ஒரு வடிகால். வடிகாலில் சேரும் நீர் ஆங்காங்கே பாதைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியேற ஒரு மதகு. புதிதாகக் கொட்டிய மண் சரியாமல் இருக்கக் கல் அடுக்கு. பாதையின் மேல் செம்மண் கல்லைப் பரப்பித் திமிசு போட வேண்டும். இதில் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, வடிகாலை மறந்தால் மட்டும் இல்லை. இவ்வளவையும் செய்தாலும் வேலை முடியாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு யாராவது வந்து வடிகாலில் அடைத்த சருகை அள்ள வேண்டும்.

இனி வரலாறு. இந்த மலையின் பழைய பெயர் தெலுக் பிளாங்கா மலை. 1845ஆம் ஆண்டு இதற்கு ஃபேபர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. சார்லஸ் எட்வர்ட் ஃபேபர், மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன். உச்சியில் கப்பல்களுக்கான சைகை நிலையம் ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. தந்தி வராத காலம் அது. எந்தக் கப்பல் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பதை நகரத்து வணிகர்கள் கொடிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டனர். கொடிக்கம்பம் உயரத்தில் இருக்க வேண்டும், அங்கே போய்வர வழியும் வேண்டும். காட்டை ஊடுருவி, ஒடுங்கிய, வளைந்து வளைந்து செல்லும் சாலை ஒன்று ஃபேபரின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1843இல், தீவின் உயரமான இடமாகிய புக்கிட் தீமா மலை உச்சிக்கும் ஒரு சாலை வெட்டப்பட்டிருந்தது.

"வெட்டப்பட்டது" என்னும் சொல்லைக் கவனியுங்கள். செயப்பாட்டுவினை. நாம் ஆறாம் வகுப்புக்குக் கற்பிக்கும் இலக்கணம்தான். செயப்பாட்டுவினையில் ஒரு வசதி உண்டு: செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். நம்முடைய உள்ளூர் வரலாற்றில் பெரும்பகுதி இந்த வினையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செய்தவர் யார்? அந்நாளில் சிங்கப்பூரில் அரசாங்கச் சாலை வேலை என்றாலே இந்தியக் கைதிகளின் வேலைதான். கிழக்கிந்தியக் கும்பெனி தன் ஆளுகைக்கு உட்பட்ட இந்தியப் பகுதிகளில் கடுந்தண்டனை பெற்றவர்களைக் கடல் கடந்து அனுப்பிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுமத்ராவின் பென்கூலனுக்கும் பினாங்குக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த கைதிகள் இங்கே மாற்றப்பட்டார்கள். 1825 ஏப்ரலில் மதராஸ் பக்கத்துக் கைதிகள் 80 பேர் முதலில் வந்து இறங்கினர். அடுத்த சில நாள்களில் வங்காளப் பக்கத்தவர் 122 பேர் வந்தனர். பென்கூலன் என்னும் ஊர்ப்பெயர் இன்று ஒரு தெருவுக்கும் ஓர் எம்ஆர்டி நிலையத்துக்கும் இருக்கிறது. நம் மாணவர்கள் பலர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள்.

இவர்களை வேலை வாங்கிய முறை விந்தையானது. தொடக்கத்தில் காவலுக்கு வெளியாட்கள் இருந்தனர். நாளடைவில் கைதிகளுக்குள்ளேயே நன்னடத்தை உடையவர்களைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களுக்கு மேலாளாக்கினார்கள். கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாக வந்தவர் காலில் விலங்கு. மேல் வகுப்பை அடைந்தவர் அனுமதிச் சீட்டுடன் சிறைக்கு வெளியே குடியிருந்து பிழைக்கலாம். பிற்காலத்தில் இச்சிறையை நிருவகித்த மெக்நேர் என்பவர் 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கைதிகளே தங்களுக்குக் காவலர் என்னும் பொருள்பட அமைந்தது. அப்படி மேலாளாக உயர்ந்த கைதியை ஆங்கில ஆவணங்கள் 'டிண்டல்' என்கின்றன. அந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. உரக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் விளங்கியது: அது நம்முடைய 'தண்டல்'. மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பூட்டன் வாயில் கங்காணி, தண்டல் என்று புழங்கிய அதே தண்டல்.

தேசிய அரும்பொருளகத்தில் ஒரு படம் உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்ட்டமன் 1865ஆம் ஆண்டை ஒட்டி வரைந்தது. 1835இல் காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த கோல்மன் என்னும் பொறியாளர் மீது புலி பாய்கிறது. முக்காலியில் நிறுத்திய அளவைக் கருவி கவிழ, ஆட்கள் நிலைகுலைகிறார்கள். கோல்மன் அப்போது பொதுப்பணிகளுக்கும் கைதிகளுக்கும் ஒருசேர மேற்பார்வையாளர். ஆகவே படத்தில் அவரைச் சுற்றி இருப்பவர்கள் இந்தியக் கைதிகள். அன்று யாருக்கும் காயமில்லை. எல்லா நாளும் அப்படி அமையவில்லை. அக்காலத்தில் புலியால் மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் ஏராளம். 1854இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டு பிடித்த இயற்கை அறிஞர் வாலஸ், அங்கே காட்டில் தோண்டப்பட்டிருந்த புலிக்குழிகளுக்கு அஞ்சி நடந்ததை எழுதியிருக்கிறார்.

நிலம் அளப்பவர் பிடித்த சங்கிலியின் நீளம் 66 அடி. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தவரின் காலிலும் ஒரு சங்கிலி கிடந்திருக்கலாம். மண்வெட்டி, கடப்பாரை, கூடை, பாராங்கத்தி ஆகியவைதாம் மற்றக் கருவிகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்காள, மதராஸ் மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் சட்டம் 1849 வரை நடப்பில் இருந்தது. ஃபேபர் மலைச் சாலை 1845இல் வெட்டப்பட்டது. அந்தச் சரிவில் குனிந்து மண் வெட்டியவர்களில் பலர் நெற்றியில் எழுத்தைச் சுமந்துகொண்டுதான் குனிந்திருப்பார்கள். தலையெழுத்து என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் எனக்கு அதன்பிறகு வேறாகக் கேட்கிறது.

இவற்றில் நெற்றியில் பச்சை குத்தியதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சுருக்கி மாணவர்களிடம் சொன்னேன். அன்று மாலையே ஒரு தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது.

"ஐயா, நம்மாளுங்க இங்க கைதியாத்தான் வந்தாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லணுமா? பேருந்துல திரும்பி வரும்போதே என் பையனை ரெண்டு பேர் கைதி கைதின்னு கூப்பிட்டிருக்காங்க. ஏற்கெனவே நம்ம பிள்ளைங்களுக்கு இருக்கிற பேர் போதாதா?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. என் பிழை என்ன என்பது இரவு படுத்த பிறகுதான் தெரிந்தது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் "தமிழர்கள் கைதிகளாக வந்தார்கள்" என்ற பொருள் படும்படி பேசிவிட்டேன். உண்மை அவ்வளவு எளிதன்று. கைதிகளில் தமிழர் இருந்தனர், தெலுங்கர் இருந்தனர், வங்காளிகள், வடக்கத்தியர், பம்பாய்ப் பக்கத்தவர், சில காலம் இலங்கையர், பர்மியர்கூட இருந்தனர். அதே காலத்தில் வணிகராகவும் சிப்பாயாகவும் படகோட்டியாகவும் கணக்கராகவும் வந்த தமிழர் வேறு. ஒரு சொல்லை மாணவர்களிடம் கொடுக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு ஆசிரியர் பயிற்சியில் கற்பித்த முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் தவறுகிறேன்.

மறுநாள் அவரை அழைத்துப் பேசினேன். பினாங்குக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ஒன்று சொன்னேன். பாளையக்காரர் போர் முடிந்த பின், 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில், சிவகங்கையின் வேங்கை பெரிய உடையத் தேவரும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் உள்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கும்பெனியின் கணக்கில் அவர்களும் கைதிகள்தாம். "அதைச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் அவர், குரல் தணிந்து.

சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு என்பதால் தயங்கினேன். அவர்கள் வந்தது பினாங்குக்கு, அதுவும் ஃபேபர் மலைச் சாலைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர். அவர்களைக் கொண்டுவந்து இந்தச் சரிவில் நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும், வரலாறாக இராது. இங்கே மண் வெட்டியவர்களில் கொலை செய்தவர் இருந்திருப்பார், வழிப்பறி செய்தவர் இருந்திருப்பார், செய்யாத குற்றத்திற்கு மாட்டிக்கொண்டவரும் இருந்திருக்கக்கூடும். அனைவரையும் வீரர்களாக்கினால்தான் அவர்கள் உழைப்பை ஒப்புக்கொள்வோம் என்பது எனக்கு உடன்பாடில்லை. திருடன் கட்டிய மதகிலும் தண்ணீர் ஒழுங்காகத்தான் ஓடும். இதையும் அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வகுப்பு எப்பப் போறாங்க? தொண்டூழியரா நானும் வரலாமா?" என்று கேட்டார்.

கைதிகளின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1850களில் அவர்களுள் பலர் செங்கல் அறுக்கவும் கல் உடைக்கவும் தச்சு வேலைக்கும் பழக்கப்பட்டிருந்தனர். இன்று வெள்ளை வெளேரென நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்களே. அதன் சுவர்ப்பூச்சு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்த மதராஸ் சுண்ணச்சாந்து என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் ஆர்வத்தோடு சொல்வார்கள். கட்டடம் கண்ணில் படுவதால் கட்டியவர்களின் நினைவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன்மேல் தார் ஊற்றுவார்கள், அகலப்படுத்துவார்கள், நடப்பவர் காலடியைப் பார்ப்பதில்லை. 1873இல் கைதிகள் சிறை கலைக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டனர். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

சரிவில் பாதை அமைக்கும் கலை இன்றும் அதே மழையோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் அளவில் ஏறி இறங்கும் புக்கிட் தீமாவில் மண் அரித்து, வேர்கள் வெளியே தெரியத் தொடங்கின. 2014 செப்டம்பரில் அக்காப்பகத்தை மூடி, சரிவுகளை வலுப்படுத்தி, பாதைகளைச் செப்பனிட்டு, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். இரண்டு ஆண்டுகள்! வேரின்மேல் கால் படாதவாறு சில இடங்களில் மரப்பலகைப் பாதையை உயர்த்திப் போட்டார்கள். ஃபேபர் மலையிலிருந்து தொடரும் தென்முகட்டுப் பாதையில் இன்னும் ஒருபடி மேலே போய், காட்டு நடைபாதையை எஃகுக் கால்களில் மரங்களுக்கு இடையே நிறுத்தியிருக்கிறார்கள். தரை கம்பிவலை போல் துளை உடையது. வெயிலும் மழையும் அதன் வழியே கீழுள்ள செடிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. சக்கர நாற்காலியும் அதில் செல்லும். 1845இல் மண்ணை வெட்டாமல் வழி இல்லை. இன்று மண்ணைத் தொடாமல் வழி அமைக்க முடிகிறது.

அடுத்த வகுப்பினருடன் அந்தத் தந்தையார் சொன்னபடி வந்தார். அவர் கட்டுமானத் துறையில் மேற்பார்வையாளர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மராங் நடைபாதையில் நான் பேச வேண்டியதைப் பாதி அவரே பேசிவிட்டார். ஒரு வடிகாலின் அருகே மாணவர்களை உட்காரவைத்து, தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டினார். படியின் முன்விளிம்பு ஏன் சிறிது சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். எனக்கே அது தெரியாது.

அப்போது கீழே வடிகாலில் இரண்டு ஊழியர்கள் சருகு அள்ளிக்கொண்டிருந்தனர். எங்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு ஒருவர் நிமிர்ந்து சிரித்தார். புதுக்கோட்டைப் பக்கமாம். வந்து நான்கு ஆண்டுகள் ஆகிறதாம். ஒரு மாணவி என்னிடம் கேட்காமலே அவரிடம் போய், "அண்ணா, உங்க பேர் என்ன?" என்றாள். அவர் சொன்னார். பயிற்சித்தாளில் 'பாதையைப் பராமரிப்பவர்' என்று நான் அச்சிட்டிருந்த இடத்தில் அவள் எழுதிக்கொண்டாள். ஒரு எழுத்தில் ஐயம் வந்தது. சிறிய 'ன'வா, பெரிய 'ண'வா என்று அவரையே திரும்பக் கேட்டாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, அவளுடைய பென்சிலை வாங்கித் தாமே எழுதிக் கொடுத்தார்.